உம்மா சம்மதித்த ஒரே படம்

எங்கள் உம்மா படம் பிடித்துக்கொள்ள ஒரே ஒருமுறைதான் சம்மதித்தாள். அதுவும் ஸ்லைடு என்பதால். சுவரில் தொங்காது, வருகிறவன் போகிறவன் கண்ணில் படாது, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மட்டும் தெரியும் என்று மச்சான் எடுத்துச் சொன்ன பிறகு, முக்காட்டைக் கொஞ்சம் தளர்த்திச் சிரித்தாள். மச்சான் கப்பல் வேலையிலிருந்து கேமரா கொண்டுவந்த காலம் அது. இன்று உம்மாவும் இல்லை, மச்சானும் இல்லை. அவர் எடுத்த ஸ்லைடுகள் நூற்றுச் சொச்சம், பள்ளுருத்தியில் லாத்தா வீட்டு அலமாரியில், ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன.

லாத்தா எனக்கு ஒரே அக்கா, மச்சானின் மனைவி. சர்க்கரை அவள் கண்ணில் இறங்கிவிட்டது. மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றுவதே பெரும்பாடு என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இரண்டு விரல் அகல ஸ்லைடில் அவளுக்கு இப்போது எதுவும் தெரிவதில்லை.

"டிவி அளவுக்குப் பெருசாக்கிக் கொடு தம்பி. உம்மா முகத்த ஒருக்காப் பாத்துக்கறேன்" என்றாள். "கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரமான்னு கேக்காதே."

கேட்கவில்லை. யூடியூப் பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டேன். கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் மலையாளி ஒருவர் கேமராவும் சிறியதைப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்சும் இரவல் தந்தார். மட்டாஞ்சேரியில் என் சுக்குக் கடை மாடியில், டேப்லெட்டின் வெள்ளைத் திரையை விளக்காக வைத்து, அதற்குச் சற்று மேலே ஸ்லைடு நிற்க அட்டையில் சட்டம் வெட்டி, கேமராவைக் கவிழ்த்து நிறுத்தினேன். கீழே அரிசி லாரி போனால் பழைய கட்டிடம் நடுங்கும்; படம் கலங்கிவிடும். லாரிக்கும் லாரிக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

வைப்பின் தீவுப் படகு, கப்பல் தளம், நிக்காஹ் பந்தலில் தூங்கிப்போன வாப்பா, எல்லாம் நேற்று எடுத்ததுபோல வந்தன. உம்மாவைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

வெறும் கண்ணுக்கு அந்த ஸ்லைடு லேசாக மங்கியதுபோலத்தான் இருந்தது. திரையில் பார்த்தால் பூசணம். உம்மாவின் கண்ணிலும் மூக்கிலும் சிரித்த வாயிலும் நூல்நூலாக ஓடியிருந்தது. பின்னாலிருந்த கதவும் தாழ்ப்பாளும் சேலைக் கரையும் அத்தனை சுத்தம். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று வாப்பா அடிக்கடி சொல்வார். பக்கத்தில் போகாமலே இருந்திருக்கலாம்.

லென்ஸ்காரரை வரவழைத்தேன்.

"ஈரத் துணியால மெல்லத் துடைக்கட்டா?"

"தொடண்டா இக்கா. ஈரம் பட்டா பூசணத்தோட சேர்ந்து படமும் போயிடும்."

"வேற வழி?"

"கம்ப்யூட்டர்ல ஒரு முகம் வரைஞ்சு ஒட்டலாம். அது உங்க உம்மா ஆகுமா?"

அவர் மறுபடி குனிந்து பார்த்தார்.

"டின்ல மத்ததெல்லாம் நல்லா இருக்கே. இதுல முகத்துல மட்டும் எப்படி? கைரேகை, எச்சி பட்ட எடத்துலதான் இப்படிப் பிடிக்கும்."

வருஷா வருஷம் உம்மா மௌத்தான நினைவு நாளில் யாசீன் ஓதி முடித்ததும் லாத்தா அந்த ஸ்லைடை ஜன்னலில் பிடித்துப் பார்ப்பாள். பிறகு, குர்ஆனை உதட்டில் வைத்து முத்திவிட்டு அலமாரியில் வைப்பதுபோல, உம்மாவின் முகத்தில் முத்திவிட்டு டின்னில் வைப்பாள். எங்கள் வீட்டில் மதிப்பான எதையும் முத்தாமல் வைத்ததில்லை. நானும்தான் முத்தியிருக்கிறேன். ஆனால் ஒரு வருஷமும் விடாமல் முத்தியவள் அவள்.

மறுநாள் பள்ளுருத்திக்குப் போய் டிவியில் போட்டேன். லாத்தா நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்கு ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்தாள். முதலில் கதவைக் கண்டுபிடித்தாள். அப்புறம் சேலையை. முகத்துக்கு வந்ததும் கையால் திரையைத் தடவினாள்.

"வெள்ளையா என்ன அது? டிவியில வருதுன்னதும் மூடிக்கிட்டாளா?"

"பூசணம் லாத்தா."

"எதனால?"

"மழைக்கால ஈரம். உப்புக் காத்து. இந்த ஊர்ல எதுதான் தங்குது" என்றேன்.

"ஆமா, இரும்புக் கம்பியே நிக்க மாட்டேங்குது" என்று ஒப்புக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஸ்லைடைக் கேட்டுக் கையை நீட்டினாள். கொடுத்தேன்.

விரலால் தடவி எந்தப் பக்கம் என்று பார்த்து, உம்மாவின் முகத்தில் முத்தி, டின்னுக்குள் வைத்து மூடினாள். தடுக்க நீட்டிய என் கை பாதியிலேயே நின்றுவிட்டது.