எதிரில் உட்கார ஒருவர்

செய்தி வந்தபோது ஒரு குழந்தையின் விரல் நுனியில் ஊசி வைத்திருந்தேன். பரிசோதனை நிலையத்தின் வாசலில் நின்றபடி எங்கள் கணக்குப்பிள்ளை சொன்னார்: "செல்வம், சிப்போராம்மா போயிட்டாங்கப்பா. காலையில நெஞ்சு வலின்னு சொல்லியிருக்காங்க. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிருச்சாம்." என் முகத்தைப் பார்த்துக் குழந்தை அழத் தொடங்கியது. எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, பயம். அவர் யூதர், திருச்சியில் அவரைப் புதைக்க இடம் கிடையாது. உடலை வைத்துக்கொண்டு காத்திருப்பது அவர்கள் வழக்கமும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் அவர் குடியிருந்த வீட்டிலிருந்து ஒரு வேனில் கொச்சிக்குக் கிளம்பினோம். மழை விடவில்லை. காவிரிப் பாலத்தில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன். அதன்பிறகு வந்த ஒவ்வொரு பாலத்திலும் மூடிக்கொண்டேன். தண்ணீருக்கு நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்பது அவருக்கு மட்டும்தான் சொல்லாமலே தெரியும்.

தென்னூரில் எங்கள் நிலையத்தில் ரத்தம் எடுப்பது நான். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது சிப்போரா அக்கா. கொச்சி யூதர். திருச்சியில் அதைச் சொன்னால் "எந்த சர்ச்சுங்க?" என்று கேட்பார்கள். முதலில் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு அலுத்துப்போய், "ரொம்பப் பழைய சர்ச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். மலேரியா உண்டு, இல்லை என்று அவர் தனியாக எழுதிக்கொடுத்ததே இல்லை. என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார். "நான் உண்டுன்னு சொல்றேன். நீ இல்லைன்னு சொல்லி என்னைத் தோக்கடி." தோற்றுப்போன நாட்களில் அவர் முகம் மலர்ந்திருக்கும்.

இந்தப் பழக்கம் அவர் வீட்டிலிருந்து வந்தது. அப்போது தென்னூரிலேயே ஒரு மாடிப் போர்ஷனில் தன் அப்பாவோடு இருந்தார். உறவினர் எல்லோரும் இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள். அப்பா எலியா ஏறவில்லை, மகளும் ஏறவில்லை. தினமும் விடிந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து யூத வேதமான தோராவையும் அதன் சட்டங்களையும் படிப்பார்கள். படிப்பு என்றால் வாக்குவாதம். அப்பா ஒன்று சொல்வார், மகள் மறுப்பார், கை நீளும், குரல் உயரும். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் ஒருமுறை என்னைப் பிடித்துக் கேட்டார். "ஏம்ப்பா, உங்க அக்கா அந்தப் பெரியவரைப் போட்டு இந்தத் திட்டுத் திட்டுது, நீயாவது சொல்லக் கூடாதா?" நான் போய்ச் சொன்னேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சத்தம் கேட்கலேன்னாதான் கவலைப்படணும்னு சொல்லு."

சத்தம் நின்ற வாரம் எழுபத்தேழு வெள்ளத்துக்கு முந்தைய வாரம். எலியா இறந்துபோனார். கொச்சியில் புதைத்துவிட்டு, அப்பா வாழ்ந்த வீட்டில்தான் துக்கம் காக்க வேண்டும் என்று அக்கா உடனே திரும்பிவிட்டார். ஏழு நாள் வெளியே போகக் கூடாது. தரையில் உட்கார்ந்திருந்தார். துக்க வழக்கப்படி ரவிக்கையின் கழுத்துப் பக்கம் கிழித்துவிடப்பட்டிருந்தது. கண்ணாடியைப் போர்வை மூடியிருந்தது. என் அம்மா கொடுத்தனுப்பிய இட்லியை வைத்துவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். துக்கம் காப்பவர் பேசும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது வழக்கம். வெகுநேரம் கழித்துப் பேசினார்.

"அப்பாவுக்காகச் சொல்ல வேண்டிய பிரார்த்தனை ஒண்ணு இருக்கு. அதுக்குப் பத்து யூத ஆம்பளைங்க வேணும். திருச்சியில ஒருத்தரும் இல்ல. இருந்தாலும் நான் கணக்குல வரமாட்டேன்."

"பொம்பளைன்னா கணக்குல வராதா? என்னக்கா சட்டம் இது?"

"கோவப்படு. ஆனா படிக்கிறதுக்கு ஆள்கணக்கு கிடையாது. எதிர்ல ஒருத்தர் போதும். இந்த வருஷம் பூரா அவர் பேர்ல படிக்கப்போறேன். வேலை, சாப்பாடு எல்லாம் அதுக்கு அப்புறம்தான்."

"இப்பவே ஆரம்பிக்கலாமே."

"முடியாது. தோரா படிச்சா சந்தோஷம் வரும். அதனால ஏழு நாளும் தடை. துக்கச் சட்டங்களை மட்டும் படிக்கலாம்."

எதிரில் என்னை உட்காரச் சொன்னார். கடவுளே இல்லை என்று டீக்கடையில் கத்துகிறவன் நான். "அதனாலதான் உன்னைக் கூப்பிட்டேன். சும்மா தலையாட்ட மாட்டே" என்றார். அவர் வாசித்துத் தமிழில் சொல்ல, நான் குதர்க்கம் பேசினேன். துக்கம் காப்பவர் சமைக்கக் கூடாது, அடுத்த வீட்டார் கொண்டுவர வேண்டும் என்று வந்தது. "அந்த அடுத்த வீட்டுப் பொம்பளைக்கும் அப்பன் செத்திருந்தா? சட்டம் எழுதினவரு கை நனைச்சு அடுப்புப் பக்கம் போயிருக்காரா?" என்றேன். அக்கா பதில் சொல்ல வாயெடுத்து, சிரித்துவிட்டார். உடனே புத்தகத்தை மூடினார். "சிரிச்சிட்டேன். இன்னிக்கு இது போதும்." அப்புறம்தான் அழுதார். மறுநாள் வெளியே போவது பற்றிய சட்டம். "வீடு இடிஞ்சு விழுந்தாலுமா?" என்று கேட்டேன். "உயிர் போற இடத்துல சட்டம் கேட்டுக்கிட்டு நிக்கிறதே கொலைன்னு அப்பா சொல்வார். ஓடணும்" என்றார்.

அதற்கு அடுத்த நாள் விடியும்போது உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை உடைந்தது. வெள்ளம் எல்லோரையும் சமமாக்கியது என்று பிறகு மேடைகளில் பேசினார்கள். பொய். மாடி இருந்தவன் மாடிக்குப் போனான். வாய்க்கால் கரையில் எங்கள் குடிசை வரிசைக்கு ஏற இடமில்லை. அம்மாவையும் தங்கையையும் இழுத்துக்கொண்டு, சந்துக்காரர்களோடு எனக்குத் தெரிந்த ஒரே மாடியை நோக்கி ஓடினேன். படிக்கட்டின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. மேலேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"இத்தனை பேரை மாடி தாங்காதுப்பா. வேற எடம் பாருங்க."

"சார், பொம்பளைங்களை மட்டுமாவது விடுங்க."

"சொன்னாக் கேளு செல்வம். உன்னை எனக்குத் தெரியும். இவங்கள்லாம் யாரு?"

கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். தண்ணீர் மார்புக்கு ஏறியது. என் தங்கை கத்துவதை நிறுத்திவிட்டாள். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. எங்களோடு வந்த கீரைக்காரம்மா கம்பியை விட்டுவிட்டு, "கை மரத்துப்போச்சு தம்பி" என்றார். குறைசொல்கிற குரலில்கூட இல்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் அங்கே இல்லை. பழுப்பு நிறத் தண்ணீர்தான் இருந்தது.

அப்போதுதான் சிப்போரா அக்கா படியில் இறங்கினார். வெறுங்கால், கிழிந்த ரவிக்கை, கையில் தன்னுடைய சாவி. அவருக்கு நீச்சல் தெரியாது. படியின் பாதிக்குத் தண்ணீர் வந்திருந்தது. வீட்டுக்காரர் பின்னால் வந்து குறுக்கே கை வைத்தார்.

"ஏம்மா, ஏழு நாள் வெளிய வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க சாமி குத்தம் ஆயிராது?"

"அந்தச் சட்டத்தைப் படிச்சாச்சு சார். தள்ளுங்க."

பூட்டு தண்ணீருக்குள் இருந்தது. கை நடுங்கி சாவி இரண்டுமுறை நழுவியது. வாய் எதையோ முணுமுணுத்தது. பிரார்த்தனை என்று நினைத்தேன். பிறகு கேட்டபோது, "பயமாயிருக்கு, பயமாயிருக்குன்னு மட்டும்தான் சொன்னேன். வேற எதுவும் வரல" என்றார். கதவு திறந்தது. அவருடைய அறையிலும் மொட்டைமாடியிலும் எங்கள் சந்து முழுவதும் நின்றது. மாடி தாங்கியது. அக்கா மறுபடியும் மூலையில் தரையில் உட்கார்ந்தார். ஈரப் புடவையோடு அவரைச் சுற்றிலும் குழந்தைகள்.

வெள்ளம் வடிந்ததும் என்னிடம் கேட்டார். "அந்த அம்மா பேரு என்ன? அவங்க அப்பா பேரு என்ன?" யார் பெயரால் படிக்கிறோமோ அவருடைய பெயரோடு பெற்றவர் பெயரையும் சொல்ல வேண்டுமாம். அப்பாவோடு கீரைக்காரம்மாவுக்கும் சேர்த்துப் படிக்கப்போவதாகச் சொன்னார்.

"அவங்க உங்க ஆளு இல்லையேக்கா."

"நான் திறக்க லேட்டாச்சு."

"பூட்டினது நீங்க இல்லையே."

"பூட்டினவர் நல்லாத் தூங்குறாரு. நமக்கு வேலை இருக்கு. பேரைக் கேட்டுட்டு வா."

எங்கள் சந்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா தினமும் கீரை விற்ற ஸ்ரீரங்கத்து வீதிகளில் வீடு வீடாகக் கேட்டேன். "பேரா? கீரைக்காரின்னுதான் கூப்டுவோம். பாவம், நல்ல முளைக்கீரை கொண்டுவருவா" என்றார் ஒரு மாமி. ஆயுள் முழுக்க வாசலில் வந்து நின்ற ஒருத்திக்கு அந்த ஊரில் பெயர் இல்லை. எங்கள் சந்திலும் இல்லை என்பதால் கோபத்தை யார்மேல் இறக்குவது என்று தெரியவில்லை. பச்சைமலையில் ஒரு தம்பி இருக்கிறார் என்று என் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. பஸ் இறங்கிப் பாதி மலை நடந்து, மரவள்ளிக் காட்டில் அவரைப் பிடித்தேன். அவருடைய அக்கா இறந்த செய்தியை அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மண்வெட்டியை மண்ணில் ஊன்றிவிட்டு, "வெள்ளையம்மா. எங்கப்பன் சடையன்" என்றார்.

ஏழாம் நாள் முடிந்தபிறகு அந்த வருடம் முழுவதும் எலியாவுக்காகவும், சடையன் மகள் வெள்ளையம்மாவுக்காகவும் படித்தோம். கண்டவர்களை ஏற்றியதற்காக வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். வீடு தேடிய நாட்களில், நிலையம் திறப்பதற்கு முன் மைக்ராஸ்கோப் மேஜையில் படித்தோம். ஸ்ரீரங்கத்தில், மீன் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வீடு கிடைத்தபிறகு அங்கே படித்தோம். நெருக்கடி வேளைகளில் மனம் நடுங்கும் என்பார். "நடுங்காம இருக்கிறதுக்காகப் படிக்கல. நடுங்குறப்பவும் கை எங்க போகணும்னு தெரியறதுக்குத்தான்."

கொச்சியில் மழையிலேயே புதைத்தோம். அங்கும் பத்துப் பேர் சேரவில்லை. வயதான சிலர் ஒருவரையொருவர் எண்ணிப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல என்னைப் பார்த்தார்கள். நான் கணக்கில் வரமாட்டேன். அந்தப் பிரார்த்தனை சொல்லப்படவில்லை. சண்டை போட வேண்டும் என்று பொங்கியது. யாரோடு போடுவது?

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் காலைநேரம்தான். ஒரு பக்கம் ஆங்கிலம் அச்சிட்ட அவருடைய புத்தகம் நிலையத்தில் இருக்கிறது. எலியா மகள் சிப்போரா என்று சொல்லிவிட்டுத் தினமும் திறக்கிறேன். அவரை அறிந்தவர்கள் யாராவது நிலையத்துக் கதவு திறப்பதற்கு முன் வந்து எதிரில் உட்காருங்கள். நான் உண்டு என்றால் இல்லை என்று சொல்லுங்கள். தனியாகப் படிக்கும்போது நான் சொல்வதெல்லாம் எனக்குச் சரியாகவே படுகிறது. அது பயமாக இருக்கிறது.