நானூற்றுப் பன்னிரண்டு பாகம்

புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த வருடம், உலகத்தில் என்னைவிடக் கணக்குத் தெரிந்த ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பெண்பிள்ளைக்கு அவ்வளவு தலைக்கனம் கூடாதுதான். ஆனால் இடம்பெயர்ந்து நாங்கள் இருந்த முகாமில் அந்த வருடம் சித்தியடைந்தது நான் ஒருத்திதான். தலைக்கனத்தில் பங்கு கேட்க வேறு யாரும் இருக்கவில்லை.

பரிசாகச் சின்ன மாமா சுவிஸிலிருந்து ஒரு சைக்கிள் மீற்றர் அனுப்பினார். தீப்பெட்டி அளவு சாமான். ஓடிய தூரத்தையும் ஓடும் வேகத்தையும் காட்டும். என்னிடம் சைக்கிள் இல்லை என்பது மாமாவுக்குத் தெரியாது. அதனால் மீற்றர் அப்பாவின் சைக்கிளில் ஏறியது. அப்பா அந்தச் சைக்கிளில் பெட்டி கட்டி, வேறு யாரோ பிடித்த மீனைச் சுன்னாகம் பக்கத்து ஒழுங்கைகளில் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அவரே எங்கள் ஊரான மயிலிட்டியில் கடலுக்குப் போய் மீன் பிடித்தவர்தான். ஊர் ஆமியின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே சனம் எழும்பி வந்துவிட்டது. ஆமி மயிலிட்டியை விட்டுக்கொடுத்தால் அடுத்த நாளே கடலுக்குப் போவேன் என்று வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லுவார்.

அந்த மீற்றருக்குச் சில்லின் சுற்றளவைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். கூட வந்த தாளில் இருந்த படங்களைப் பார்த்து நானே முறையைக் கண்டுபிடித்தேன். வால்வு நிலத்தைத் தொடுமிடத்தில் ஒரு கோடு. சில்லு ஒரு சுற்று உருண்டு வால்வு மறுபடி கீழே வருமிடத்தில் இன்னொரு கோடு. ஆள் ஏறி இருந்தால் ரயர் அமுங்கும் என்பதால் அப்பாவைச் சைக்கிளில் இருத்தி, பின்னால் நின்று தள்ளினேன். அம்மாவின் தையல் ரேப்பால் அளந்தபோது இரண்டாயிரத்து இருநூற்றுப் பத்து மில்லிமீற்றர் வந்தது. கடை வரைக்கும் ஓடிப் பார்த்தோம். தெருவோரத்துக் கிலோமீற்றர் கல்லும் மீற்றரும் ஒன்றையே சொல்லின. அப்பா என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்.

அடுத்த கிழமை மயிலிட்டியை விடப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. முகாமே கோயில் திருவிழா போல ஆகியது. அம்மா மட்டும் ஒரு போத்தலில் நல்லெண்ணெய் வாங்கி வைத்தார். எனக்கு ஓர் அண்ணை இருந்தார். அவருக்கு வயது பதினொரு நாள். ஷெல் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் காய்ச்சலில் செத்தவரைச் சுடலைக்குக் கொண்டுபோக முடியாமல், வீட்டு வளவின் வடக்கு மூலையில், கிணற்றுக்குப் பின்னால் புதைத்துவிட்டு மூன்றாம் நாள் ஊரைவிட்டு ஓடியிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு விளக்கு வைக்கவேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு மயிலிட்டியில் வேறு அலுவல் இல்லை. அம்மா கொழும்புத்துறைப் பக்கத்தவர். மயிலிட்டியில் வாழ்ந்தது ஒரு வருடம்தான். இடம் காட்ட அப்பாவைத்தான் நம்பியிருந்தார்.

முன்கூட்டியே போய் எட்டிப் பார்த்தவர்கள் வந்து, வீடு, மதில், மரம் ஒன்றுமில்லை, எல்லாம் தரைமட்டம் என்றார்கள். எங்கள் காணி உறுதியில் வளவின் எல்லையாக எழுதியிருந்ததெல்லாம் பக்கத்து வளவுக்காரரின் பெயர்கள். அப்பா அசையவில்லை. கலியாணம் முடித்த வருடம் புதுக் கயிறு வாங்கி, முறுக்கு எடுப்பதற்காகத் துறைமுக வாசலிலிருந்து எங்கள் வீட்டுப் படலை வரைக்கும் தெரு நீளத்துக்கு இழுத்து, பாகம் போட்டு எண்ணியிருக்கிறார்.

“நானூற்றுப் பன்ரெண்டு பாகம். கூடவுமில்லை, குறையவுமில்லை” என்றார்.

இரண்டு கையையும் விரித்தால் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஒரு பாகம். கடற்காரருக்குக் கயிறும் வலையும் ஆழமும் எல்லாம் பாகம்தான். பாகத்தை மீற்றராக்கிக் கொடுத்தால் என் மீற்றர் வீட்டைக் காட்டிவிடும். அப்பா கைகளை விரித்து நின்றார். நான் ரேப்பைப் பிடித்தேன். நூற்றைம்பத்திரண்டு சென்ரிமீற்றர். நானூற்றுப் பன்னிரண்டால் பெருக்கினால் அறுநூற்று இருபத்தாறு மீற்றர், கிலோமீற்றரில் பூச்சியம் தசம் ஆறு மூன்று. ஊரைவிட்டு ஓடிய அன்று ஷெல் துண்டு பட்டு அவருடைய இடது முழங்கை மடங்கிப்போய், பிறகு நிமிரவே இல்லை. நான் பிறந்த நாளிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அப்பாவின் கை என்றால் எனக்கு அந்தக் கைதான்.

மயிலிட்டிக்குப் போன அன்று சைக்கிள் பாரில் நான் இருந்தேன். பின்னால் கரியரில் அம்மா. துறைமுக வாசலில் மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கரையோர வீதியில் மெதுவாக ஓடினோம். பூச்சியம் தசம் ஆறு மூன்று வந்ததும் நிறுத்தச் சொன்னேன். முழுக்க நாயுண்ணியும் முட்பற்றையும். அப்பா கத்தியால் வெட்டிக்கொண்டு உள்ளே போய், ஒரு பள்ளத்தைக் கண்டு, “உதுதான் கிணறு, தூர்த்துப்போட்டாங்கள்” என்றார். அம்மா அதற்குப் பின்னால் குந்தியிருந்து விளக்கை ஏற்றினார். பிறகு அழத் தொடங்கினார். அவ்வளவு அழுகை அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. எனக்கோ உள்ளூரப் பெருமை. இடத்தைக் கண்டுபிடித்தது நான் அல்லவா.

இரண்டு மாதம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா அங்கே விளக்கு வைத்தார். பிறகு நில அளவைக்காரர் பழைய வரைபடத்தோடு வந்து முளை அடித்தார். எங்கள் வளவு அங்கே இல்லை. அறுபத்தாறு மீற்றர் தள்ளி இருந்தது. அங்கே தூர்ந்த கிணற்றின் கட்டும் மண்ணுக்குள் கிடந்தது.

அம்மா எண்ணெய்ப் போத்தலோடு நின்றார். “இஞ்சேருங்கோ, அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரிட்டை அழுதனான்?” என்று கேட்டார்.

அப்பா புது முளையைக் காலால் தட்டிப் பார்த்தார். “பிள்ளை ரேப்பை ஒழுங்காப் பிடிக்கேல்லைப் போலை” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. புலமைப்பரிசில் எடுத்த பிள்ளைக்கு ரேப் பிடிக்கத் தெரியாதா? முகாமுக்குத் திரும்பியதும் ரேப்பை எடுத்துவந்து, கையை விரியுங்கோ என்று அப்பாவை மறித்தேன். விரித்தார். நூற்றைம்பத்திரண்டு. அத்தோடு நான் விடவில்லை. நடு நெஞ்சிலிருந்து வலப்பக்கம் அளந்தேன், எண்பத்து நான்கு. இடப்பக்கம் அறுபத்தெட்டு. பாகத்துக்குப் பதினாறு சென்ரிமீற்றர் குறைகிறது. நானூற்றுப் பன்னிரண்டால் பெருக்கி நிலத்தில் எழுதிக் காட்டினேன். அறுபத்தாறு மீற்றருக்குக் கிட்ட வந்தது.

“நான் சரியாத்தான் பிடிச்சனான் அப்பா. உங்கடை இடக்கைதான் கட்டை. இந்தக் கையாலை இனி நீங்கள் கயிறும் அளக்கேலாது” என்றேன்.

அப்பா விரித்த கைகளை உடனே கீழே விடவில்லை. இடது முழங்கையைத் திரும்பிப் பார்த்தார். அதை நிமிர்த்த முயன்றதும் தெரிந்தது.

“ஓம் பிள்ளை” என்றார்.

அதற்குப் பிறகு கடலுக்குப் போகிற கதையை அவர் எடுத்ததே இல்லை. அதையெல்லாம் கவனிக்க எனக்கு எங்கே நேரம்? நான் குசினிக்கு ஓடி, பிழை என்னுடையது இல்லை, அப்பாவே ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தில் அறைந்தார். சரியான விடைக்கு ஏன் அடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நிலத்தில் எழுதிய கணக்குக்குத் திரும்பிப் போய், எங்கேயாவது பிழை இருக்கிறதா என்று மறுபடி பெருக்கிப் பார்த்தேன்.