இரண்டு இரவுக்கு ஓர் அறை

நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து பார்க்கிறார் மார்வெல்லா க்விக்லி. காலையிலிருந்து இது பதினாலாவது நாற்காலி, பதினாலாவது தோப்புக்கரணம். "இன்னும் ரெண்டு இஞ்ச் ஒசத்துப்பா. எந்திரிக்க முக்குறவன் அடுத்த தடவ வரமாட்டான்," என்கிறார் தச்சரிடம். ஐம்பத்தெட்டு வயது முழங்கால் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது.

அமெரிக்காவில், டென்வர் நகரின் ஹோட்டல் வரவேற்பறைகளை இருபத்திரண்டு வருடம் அலங்கரித்தவர். இப்போது கோல்ஃபாக்ஸ் சாலையில் ரோஸ்கோ பென்டிலின் புதிய கஞ்சாக்கடையை அலங்கரிக்க எடுத்திருக்கிறார்; அந்த ஊரில் கஞ்சா விற்கச் சட்ட அனுமதி உண்டு. மற்ற கடைகள் பச்சை விளக்கும் இலைப்படமுமாகக் கண்ணைக் குத்தும். இவர் ஓர் இலை கூட வைக்கவில்லை. வாதுமை மர மேசை, கம்பளி விரிப்பு, முகத்தளவு உயரத்தில் விளக்குகள். தலைக்கு மேல் விளக்கு வைத்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுமாம். கண்ணாடியில் தன் மூஞ்சி பிடிக்காதவன் நின்று வாங்க மாட்டானாம். சரக்கு ஜாடியை நீட்டும்போது மூடியைத் திறந்துதான் நீட்ட வேண்டும் என்று ஊழியர்களைப் படுத்தி எடுப்பார். இந்த அம்மாளிடம் வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

சண்டையெல்லாம் வாசல் மேசையில்தான். வருகிறவருக்கு இருபத்தொரு வயது ஆகிவிட்டதா என்று அடையாள அட்டை பார்த்துத்தான் உள்ளே விடவேண்டும், அது சட்டம். ரோஸ்கோவின் பழைய கடைகளில் கனத்த கண்ணாடித் தடுப்பு, அதில் ஒரு பொந்து, பொந்துக்குள் அட்டையைத் தள்ளவேண்டும். இங்கேயும் அது வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். மார்வெல்லாவோ திறந்த மேசை போட்டு, பக்கத்தில் ஒரு கூஜா தண்ணீரும் வைத்துவிட்டார்.

"யோவ் ரோஸ்கோ, அட்டைய காட்டுறவன் விருந்தாளிய்யா. பொந்து வழியா பேசுனா கைதியாயிருவான். கண்ணாடி வந்துச்சுன்னா வாசல்ல இருக்குற எம் பேர கழட்டிடு." இதற்கு முன் எந்த ஹோட்டலிலும் தன் பெயரைப் பொறிக்கச் சொல்லாதவர், இந்தக் கடைக்கு மட்டும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியிருந்தார். ரோஸ்கோவும் விடவில்லை. திறப்பு நாளன்றே கண்ணாடிக்காரர்களை வரச்சொல்லிவிட்டார்.

திறப்பு நாள். கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு இரண்டு பேர் அளவெடுக்கிறார்கள்; ரோஸ்கோவும் மார்வெல்லாவும் பக்கத்தில் நிற்கிறார்கள். கதவு திறக்கிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு ஒரு பெரியவர் நேராக மேசைக்கு வருகிறார். யாரும் கேட்காமலே அட்டையை எடுத்து வைத்து, தண்ணீரை ஊற்றி மடக்மடக்கென்று குடித்துவிட்டுச் சொல்கிறார்: "ரெண்டு ராத்திரிக்கு ஒரு ரூம் குடும்மா. தெருச் சத்தம் கேக்காததா பாத்துக் குடு."

மேசையில் இருந்த ஊழியப்பெண் அட்டையைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார், கோபப்படவில்லை. "கஞ்சாக்கடையா? அட, பரவாயில்ல. செத்த உக்காந்துட்டுப் போறேன்," என்று பதினாலாவது நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மார்வெல்லாவின் முகம் காதுமடல் வரை சிவந்துவிட்டது. அத்தனை வருட ஹோட்டல் உழைப்பில் கிடைக்காத பெருமை அது. அதை மறைக்கவும் அவர் மெனக்கெடவில்லை. ரோஸ்கோவை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றார்.

ரோஸ்கோ தாடையைச் சொறிந்தார். கண்ணாடிக்காரர்களைப் பார்த்து, தூக்கிக்கொண்டு கிளம்பச் சொல்லிக் கையசைத்தார். பிறகு குனிந்து, மேசையோரம் நின்ற பெரியவரின் பெட்டியைத் தானே தூக்கி, சத்தம் வராமல் அவர் காலடியில் கொண்டுபோய் வைத்தார்.