பெரட்டுக்களத்தில் பதினேழாவது பெயர்

"தம்பி, கல்யாணம் இல்லாத வீட்டுக்கும் வீடியோ எடுக்க வருவீங்களா?" என்றுதான் புஷ்பம் அக்கா போனில் ஆரம்பித்தார். கஹவத்தையில் பதினைந்து வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆறு வருஷத்துக்கு முன் மண் சரிந்து அங்கே பணிய லயம், அதாவது கீழே இருந்த தொழிலாளர் வரிசை வீடுகள், பாதி புதைந்தது. அக்காவின் மகள் சுதா, பத்தொன்பது வயது, அதில் போய்விட்டாள். இப்போது மிச்சக் குடும்பங்களுக்கும் வேறு இடத்தில் புது வீடு கிடைத்திருக்கிறது. போவதற்குள் தோட்டத்தைப் படம் பிடித்து வைக்க வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. அக்காவின் ஆசை வேறு. மகளின் குரல் எங்கேயுமே பதிவாகவில்லை. "நீங்க எடுத்த பழைய கல்யாண வீடியோல அவ பேசுறது இருக்குமா, தம்பி?"

தேடினேன். ஒரு கல்யாணத்தில் நாலு செக்கன் இருக்கிறாள். வாய் அசைகிறது, கேட்பதோ சினிமாப் பாட்டு. அதைப் போட்டவன் நான்தான். அசல் பதிவை எப்போதோ அழித்துவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில்தான் போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

காலை 9.10க்குக் கஹவத்தையில் பஸ். கொடக்கவெல வழியாக றக்வானைக்கு ஒன்றேகால் மணி நேரம், 130 ரூபாய். அங்கிருந்து ஆட்டோ, மலைமேல் 9 கிலோமீட்டர், காத்திருப்பதற்கும் சேர்த்து 3,500. பேரம் பேசினேன், பாதையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். ஓட்டுநர் சுனில் மட்டும், "ஹயட மங் யனவா, மாத்தயா" என்று சிங்களத்தில் கறாராகச் சொல்லிவிட்டார். ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் நிற்க மாட்டாராம். ஏன் என்று கேட்டதற்குப் பணிய லயத்தின் பக்கம் கையைக் காட்டிவிட்டு வெற்றிலையை மென்றார்.

முதலில் அந்த லயத்தைத்தான் போய்ப் பார்த்தேன். ஆறு காம்பிரா, குடும்பத்துக்கு ஒன்றாக இருந்த அறைகள், மண்ணுக்குள். மற்ற ஆறின் கதவுகள் சாத்தியபடியே இருக்கின்றன. ஒன்றில் பூட்டுக்கூடத் தொங்குகிறது, பின்சுவர்தான் இல்லை. பக்கத்துத் தேயிலையில் யாரும் கொழுந்து எடுப்பதில்லை, செடியெல்லாம் ஆளை மறைக்கும் மரமாகிவிட்டது. என் பின்னால் வந்த தோட்டத்து நாய் வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டது. என்னைவிட அதற்குப் புத்தி அதிகம்.

வேலைக்குப் போகுமுன் காலையில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. படத்துக்காக அதை ஒருமுறை நடத்திக் காட்டுங்கள் என்றேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஓய்வுபெற்ற கங்காணி முத்தையா ஆறு வருஷத்துக்கு முன் இருந்த முப்பத்திரண்டு பேரையும் மனப்பாடமாகக் கூப்பிடுவார். இருப்பவர்கள் பதில் சொல்வார்கள், இல்லாதவர்களுக்குச் சத்தம் இருக்காது. அதுதான் ஏற்பாடு.

நாலு மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. முன்வரிசை முகங்கள் மட்டும் அரைகுறையாகத் தெரிந்தன. பதினேழாவது பெயர்.

"சுதா!"

"இருக்கேங்க..."

தூக்கம் கலையாத ஒரு சின்னப்பெண்ணின் குரல்.

முத்தையாவின் கைத்தடி கீழே விழுந்தது. அத்தனை தலையும் பணிய லயத்தின் பக்கம் திரும்பியது. "ஆத்தாடி! பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வராம என்ன செய்வா?" என்று ஒரு பெண் தன் பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினார்.

"அதை அழிச்சிருங்க தம்பி," என்றார் முத்தையா. "அந்தப் புள்ள என்னாலதான் போச்சு. கொழுந்து எடுக்கிற மலையிலருந்து அவ நடுவுல லயத்துக்குத் திரும்பினத நான் கவனிக்கல. ஊரே அப்படித்தான் சொல்லுது. இப்ப அவளே வந்து கேக்கிறா."

போக நினைப்பவர்களுக்கு வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் யாரும் படிக்க மாட்டீர்கள். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோங்கள். மத்தியானம் மூன்று மணிக்குள் வெளிப்புறக் காட்சிகளை முடித்துவிடுங்கள். யார் சொன்னாலும், முழுதாகப் போட்டுப் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

நான் அழிக்கவில்லை. அக்காவின் காம்பிராவில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தை மெதுவாக ஓட்டினேன். வரிசையின் ஓரத்தில் புஷ்பம் அக்கா. அந்தப் பதில் வரும்போது அசைந்தது அவருடைய வாய்.

காட்டினேன். "நான் பேசவே இல்லையே!" என்றார். மறுபடி போட்டேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பழக்கத்துல வந்திருச்சு, தம்பி. அவ காலையில எழும்ப மாட்டா. பிந்தினா வேலை இல்லன்னு திருப்பி அனுப்பிருவாங்க. மூட்டத்துல யாரு பேசுறான்னு தெரியாதுல்ல? அவ கொரல்லயே நான் சொல்லிருவேன். பத்து நிமிசத்துல ஓடி வந்து மலைக்குப் போயிருவா." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே தொடர்ந்தார். "அன்னைக்கும் நான்தான் சொன்னேன். வந்து வேற மலையில நிக்கிறான்னு நானும் நம்பிட்டேன். மண்ணு சரிஞ்சப்ப, பெரட்டுல பேர் விழுந்த எல்லாரும் மலையிலதானே, லயத்துல ஆளே இல்லன்னு சாமியைக் கும்பிட்டாங்க. மத்தியானம் கொழுந்து நிறுக்கிறப்பதான் அவளைக் காணோம்னு தெரிஞ்சுது. அதுவரைக்கும் யாரும் தோண்டல, தம்பி."

அக்காவே எழுந்து போய் முத்தையாவைக் கூட்டிவந்தார். "கமராவப் போடுங்க" என்றார்.

"அண்ணே, நீங்க அவளைக் கவனிக்காம விடல. அவ மலைக்கு வரவே இல்ல. பதில் சொன்னது நான்."

முத்தையா திட்டவில்லை. "ஆறு வருசம், புஷ்பம்" என்றார், அவ்வளவுதான். பிறகு தடியை ஊன்றி எழுந்து பெரட்டுக்களத்துக்கு நடந்தார். நாங்கள் இருவரும் பின்னால் போனோம். மணி 5.40. மேலே சுனில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"சுதா!" என்று கூப்பிட்டார் முத்தையா.

அக்கா இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. முத்தையா இன்னொரு தரம் கூப்பிட்டார். நின்று கேட்டார்.

"வரல," என்றார், பேர் எழுதுகிறவருக்குச் சொல்வதுபோல.

அக்கா அப்போதுதான் அழுதார்.