அன்னத்தில் வந்த மேயர்

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு நான் வாயைத் திறந்தேன். நேரம் நினைவிருப்பதற்குக் காரணம், நான் மண்டபத்து மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அழைப்பிதழில் மூன்று மணி என்று போட்டிருந்தார்கள். கேக் வந்துவிட்டது, பிறந்தநாள்காரர் வரவில்லை.

காத்திருந்த ஆண்கள் மேயரைத் தெரிவு செய்துகொண்டிருந்தார்கள். டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் கோல்டிங் நகரத்து மேயர் இனி நிற்கமாட்டேன் என்று அறிவித்த நாளிலிருந்து எங்கள் சனத்துக்கு வேறு கதை கிடையாது. போன முறை இவர்களில் பாதிப்பேர் வாக்குப்போடவே போகவில்லை.

"அந்தத் தாடிக்கார வாத்தியார்தான் வருவார்."

"அவருக்குச் சைக்கிள் பாதையை விட்டா என்ன தெரியும், அண்ணை?"

"அப்ப அந்தப் பண்டிப் பண்ணைக்காரர்?"

"நகரசபைக் கந்தோரே நாறும்."

என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணர் பெருமூச்சு விட்டார். "எங்கட பிள்ளையள் ஒண்டுக்கும் சரிவராதுகள். டொக்டர், எஞ்சினியர் எண்டு ஓடுதுகள்."

ரோல்ஸ் தட்டோடு நின்ற நான் சொன்னேன்: "என்ர மகளை நிக்கச்சொல்லிக் கேட்டிருக்கினம்."

மகள் நகரசபை உறுப்பினர். மேயர் வேட்பாளராக நிற்க விருப்பமா என்று கட்சிக்காரர் கேட்டதாக வியாழக்கிழமை தொலைபேசியில் சொன்னாள். "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா" என்றும் சொன்னாள். இங்கே வேட்பாளரைக் கட்சி உறுப்பினர்கள் கூடித்தான் தெரிவு செய்வார்கள். அதற்கு முன்னரே மார்தட்டுகிறவரை ஒருவருக்கும் பிடிக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். நான் படித்தவள்.

ஆறு மணிக்கு வட்ஸ்அப்பில் வாழ்த்துப் படம் வந்துவிட்டது. யார் சோதனை பாஸ் பண்ணினாலும், யார் வீடு குடிபுகுந்தாலும் ஒரு படம் செய்து போடாவிட்டால் அண்ணருக்குப் பொழுது போகாது. அவரிடம் இருந்த என் மகளின் ஒரே படம் அவள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டில் எடுத்தது. பதின்மூன்று வயது, தலை நிறையப் பூ. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் செய்த பெரிய அன்னத்துக்குள் இருந்தபடி கமராக்காரரை முறைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே டென்மார்க் கொடி, கீழே "வருங்கால மேயரே, வருக!"

ஏழு மணிக்குள் யாரோ ஒரு புண்ணியவான் அதை டேனிஷில் மொழிபெயர்த்து ஊர்ப் பேஸ்புக் பக்கத்தில் ஏற்றிவிட்டார். வேட்பாளருக்கு வாக்குப்போடும் வயது வந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அன்னம் எந்தக் கட்சியின் சின்னம் என்று இன்னொருவர்.

மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். என்ன செய்துவைத்திருக்கிறாய் என்று டேனிஷில் கேட்டாள். அந்த மொழியில் எல்லாருக்கும் 'நீ'தான். கோபம் வந்தால் அவளுக்கு அது வசதி. நாளைக்கு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை முழுவதும் வீட்டுக்குள் நடந்தேன். இத்தனை வருசம் கூட்டத்துக்குக் கூட்டம் அலைந்து அவள் சேர்த்த பெயரை ஒரு தட்டு ரோல்ஸோடு நின்று கெடுத்துவிட்டேன்.

அண்ணருக்குத் தொலைபேசி எடுத்து, "அந்தப் படத்தை அழியுங்கோ" என்றேன்.

"ஏன் பிள்ளை, நிறம் சரியில்லையோ?"

பத்து நிமிடத்தில் அன்னத்தைப் பொன்னிறமாக்கி மறுபடியும் போட்டார்.

பன்னிரண்டரைக்கு மகள் வந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குப் போய், மிஞ்சிக் கிடந்த ரோல்ஸில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மன்னிப்புக் கேட்க நான் நல்ல வசனங்கள் பாடமாக்கி வைத்திருந்தேன்.

"உனக்கு வந்த சந்தர்ப்பத்தை நான் கெடுத்துப்போட்டனோ?" என்றேன்.

அவள் ஆற அமர மென்று விழுங்கினாள்.

"நான் வெள்ளிக்கிழமையே கட்சிக்காரரிட்ட, நிக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டன், அம்மா," என்றாள், தமிழில். "உங்களுக்குத்தான் சொல்லேல்ல. சொன்னா ஊரெல்லாம் சொல்லிப்போடுவீங்கள் எண்டு பயம்."