லெவல் பார்க்க ஒரு தடவை

போன வாரம் மச்சான் போன் செய்தான். என் மாமனார் விட்டுப்போன இசைத்தட்டுகள் ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கின்றனவாம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், எந்த பிளேயர் வாங்கலாம், எந்த சவுண்ட் கார்டு வாங்கலாம் என்று கேட்டான். "நீங்கதான மாமா இந்த லைன்ல இருந்தவரு" என்று ஐஸ் வேறு வைத்தான். நானும் அரை மணி நேரம் அளந்தேன். கார்டு எதுவானாலும் பரவாயில்லை, முதலில் முள்ளைப் பார், அது எவ்வளவு கனமாகத் தட்டின் மேல் உட்காருகிறது என்று பார், முதல் தடவை முள்ளை வைக்கும்போதே ரெக்கார்டிங் பட்டனை அமுக்கிவிடு, லெவலெல்லாம் அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்றேன். "சூப்பர் மாமா, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றான். "எல்லாம் அனுபவந்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அது 2005. எனக்கு இருபத்து மூன்று வயது. மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை. முந்தின டிசம்பரில் கடல் உள்ளே வந்துபோனதிலிருந்து, நனைந்த கல்யாண ஆல்பங்களை மடியில் வைத்துக்கொண்டு ஜனங்கள் வந்தபடியே இருந்தார்கள். ஈரப் போட்டோவுக்கு ஒரு வாடை உண்டு, புளித்த மாவில் உப்புத்தண்ணீர் கலந்த மாதிரி. இன்றைக்கும் பழைய ஆல்பம் எதையாவது பிரித்தால் அந்தக் கடைதான் ஞாபகத்துக்கு வரும். ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரித்து, ஸ்கேன் செய்து, சிடியில் போட்டுக் கொடுப்போம். ஓனர் அண்ணன் அதே சூட்டோடு வாசலில் ஒரு போர்டு எழுதி மாட்டினார்: 'பழைய கேசட், ரெக்கார்டு அனைத்தும் சிடியில் பதிந்து தரப்படும்.'

ரெக்கார்டை எப்படிப் பதிவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. "கேசட்டு மாதிரிதானடா, நீ பாத்துக்க" என்றார். நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், நாள் முழுக்கக் கடை கடையாய் ஏறி இறங்கி, ஒரு வெளிநாட்டு சவுண்ட் கார்டு வாங்கினேன். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்ததே போதும்தான். ஆனால் இதில் சொருகும் இடமெல்லாம் தங்க முலாம். "உப்புக்காத்து ஊருக்கு இதான் சார் கரெக்டு" என்று கடைக்காரன் சொன்னான். அந்த 'சார்' என்னைக் கவிழ்த்துவிட்டது. எங்கள் ஊரில் செம்பு ஒயர் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும் என்பதும் உண்மைதான். பஸ்ஸில் வழியெல்லாம் அட்டைப்பெட்டியைத் திறந்து திறந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்தேன். தட்டை ஓட்டப்போகிற பிளேயரைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. அதற்குத்தான் எங்கள் தெருவில் மைக் செட்காரர் இருக்கிறாரே.

போர்டைப் பார்த்து ரெக்கார்டோடு வந்த ஒரே ஆள் ஜமீலா பாயம்மா. கோட்டக்குப்பத்துக்காரர், ஐம்பது தாண்டியவர். சனிக்கிழமை தோறும் பஸ்ஸில் பெரிய பையோடு வந்து, உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களுக்கு நைட்டி, பாவாடை, ஜாக்கெட் துணி விற்பார். என் அம்மாவும் உப்பு வாருகிறவள்தான். அம்மா கட்டிய பாவாடையெல்லாம் அவர் கொண்டுவந்ததுதான். பையின் அடியிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்தார். உள்ளே சின்னதாக ஒரு தட்டு. அலுமினியத் தகட்டின் மேல் கறுப்புப் பூச்சு. நடுவில் மசியால் 'மகள் ஜமீலாவுக்கு' என்று எழுதியிருந்தது.

"நான் பொறந்தப்ப எங்கத்தா சைகோன்ல இருந்தாரு தம்பி. காதுல பாங்கு சொல்ல அவரு இல்ல. பெரியத்தாதான் சொன்னாரு. அத்தாவுக்கு மனசு கேக்கல. அங்க ஒரு கடைக்குப் போயி, பாங்க இதுல பேசி, கப்பல்ல அனுப்பிச்சாராம்."

குழந்தை பிறந்ததும் அதன் காதில் பாங்கு, அதாவது தொழுகைக்கு அழைக்கும் வாசகம், சொல்வது அவர்கள் வழக்கம். பெரும்பாலும் தகப்பனே சொல்வார். இந்தத் தகப்பன் கடல் தாண்டி இருந்து சொல்லியிருக்கிறார். பக்கத்துத் தெருப் பெரிய வீட்டுப் பாட்டுப் பெட்டியில் ஒரே ஒரு தடவை போட்டு, கைக்குழந்தையைக் கொண்டுபோய்க் கேட்கவைத்தார்களாம். அப்புறம் அவர் உயிரோடு திரும்பவே இல்லை. "அங்கியே மவுத்தாயிட்டாரு" என்றார். அடிக்கடி போட்டால் தேய்ந்துவிடும் என்று பாயம்மாவின் அம்மா, தான் சாகும்வரை யாரையும் அந்தத் தட்டைத் தொடவிடவில்லை. "இன்னொரு வாட்டி தண்ணி வந்து அடிச்சிக்கினு போனா என்ன பண்றது? அதான் எடுத்தாந்தேன். அத்தா கொரல நான் கேட்டதே இல்ல தம்பி. கேட்டேன்தான், ஆனா எனக்கு எப்படித் தெரியும்?" என்று சிரித்தார்.

"அடுத்த சனிக்கிழம வாங்க பாயம்மா. சிடி ரெடியா இருக்கும்" என்றேன். என்ன தைரியம் பாருங்கள்!

குயிலாப்பாளையத்தில், வெள்ளைக்காரர்களின் பாட்டு மெஷின்களை ரிப்பேர் செய்கிற ஒருவர் இருந்தார். என் கார்டைக் காட்டிப் பீற்றிக்கொள்ளத்தான் அவரிடம் போனேன். கார்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஏம்பா, இது பாட்டு பிளேட்டு இல்ல. மேல வெறும் பூச்சு, அதுவும் காஞ்சி போயிருக்குது. லேசான முள்ளு வெச்சாதான் தாங்கும். அந்த முள்ளுக்குச் சொல்லியனுப்புறேன், ஒரு மாசம் பொறு."

ஒரு மாதமா? நான் சனிக்கிழமை என்றல்லவா சொல்லியிருந்தேன்! அந்தப் பாயம்மாவிடம் போய் எனக்குத் தெரியவில்லை, வேறொருவர்தான் செய்ய வேண்டும் என்று எப்படிச் சொல்வது? வெள்ளைக்காரனோடு பழகிப் பழகி இந்த ஆள் ரொம்ப அலட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம். ஓனர் அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். மைக் செட்காரரின் பிளேயரை மேஜை மேல் வைத்தேன். முள் துள்ளாமல் இருக்க, மைக் செட்காரர்கள் அதன் தலையில் ஒரு ரூபாய்க் காசை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருப்பார்கள். கோயில் திருவிழாவில் ஆயிரம் தடவை ஓடுகிற பாட்டுத் தட்டு அதைத் தாங்கும். காசைக் கழற்றலாமா என்று தோன்றியது. துள்ளினால் ரெக்கார்டிங் கெட்டுவிடுமே என்று அப்படியே விட்டேன்.

முதலில் சும்மா ஒரு தடவை ஓட்டி லெவல் பார்ப்போம் என்று முள்ளை வைத்தேன். கேசட்டில் அப்படித்தான் செய்வோம். ஓட்டிப் பார்த்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துவிட்டு, திரும்பச் சுற்றி, அப்புறம்தான் பதிவோம். பரபரவென்று இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு ஆம்பிளைக் குரல் எழும்பியது. பாங்குதான். திரையில் பச்சைக் கோடுகள் எகிறிச் சிவப்பைத் தொட்டன. நான் குறைத்தேன், கூட்டினேன், மறுபடி குறைத்தேன். என் புதுக் கார்டு எவ்வளவு துல்லியமாக வாங்குகிறது என்று அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள்ளின் பக்கத்தில் கறுப்பாக மயிர் மாதிரி ஏதோ சுருண்டு சுருண்டு வந்தது. தூசி என்று வாயால் ஊதிவிட்டேன். கடைசியில் குரல் பாங்கை நிறுத்தி, லேசாக இருமி, பேசியது. "ஜமீலா... ஜமீலா... அத்தா வர்றேம்மா. நீ நடக்கறதுக்குள்ள வந்துடறேன்."

அப்பாடா, லெவல் சரியாகிவிட்டது என்று ரெக்கார்டிங் பட்டனை அமுக்கி, முள்ளை மறுபடி முதலில் வைத்தேன். இரைச்சல். இன்னும் இரைச்சல். முடிகிறவரை இரைச்சல் மட்டும்தான். தட்டைக் கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன். முள் போன வழியெல்லாம் பூச்சு உரிந்து வெள்ளைத் தகடு தெரிந்தது. ஊதித் தள்ளிய தூசி மேஜை மேல் கறுப்பாக, நூல் நூலாகக் கிடந்தது. அதை வழித்துக் குப்பையில் போட்டேன். தட்டை உறைக்குள் நன்றாகத் தள்ளி வைத்தேன்.

சனிக்கிழமை பாயம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ஒண்ணும் கேக்கல பாயம்மா. வெறும் சத்தந்தான் வருது."

"பாங்கு?"

"இல்லீங்க."

"எம்பேரு?"

இல்லையென்று தலையாட்டினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்ப ஊர்ல சொன்னதுதான் நெசம்" என்றார். "அந்த மனுசன் அங்க வேற குடும்பம் வெச்சிக்கினு எங்கள மறந்துட்டான், ஒரு காயிதம்கூடப் போட்டதில்லன்னு சொல்வாங்க. அம்மாதான் இந்தத் தகட்டக் காட்டிச் சண்டைக்குப் போவா. பாவம், மானத்துக்காவ அவளே எங்கியோ வாங்கி எழுதி வெச்சிருக்கா போல."

இல்லை, உங்கள் அத்தா பேசினார், வருகிறேன் என்று சொன்னார் என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், கேட்டது எப்படி, கேட்டது எங்கே போயிற்று என்ற கேள்வி வரும். உறையோடு தட்டை அவரிடம் நீட்டினேன். "ஒம்மேல என்ன தப்பு தம்பி, காலித் தகட்டுக்கு நீ என்ன பண்ணுவ?" என்று என்னைத் தேற்றிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அவர் குரல் தெருமுனையில் கேட்டாலே நான் இருட்டறைக்குள் புகுந்துகொள்வேன். அடுத்த வாரம் சொல்லலாம், நோன்பு முடிந்ததும் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளியே ஒரு வருஷம் போயிற்று. பிறகு அவர் வருவது நின்றுவிட்டது. எனக்கும் சென்னையில் வேலை கிடைத்தது. கல்யாணமாகி, என் மகள் பிறந்து, முதல் தடவை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அன்றைக்கு எனக்கு அந்தத் தட்டு ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கோட்டக்குப்பத்துக்குப் போனேன். விசாரித்துக்கொண்டு போனால், வீட்டில் அவர் மருமகள் மட்டும்தான் இருந்தார்.

"மாமி மவுத்தாயி ஆறு மாசம் ஆவுதுங்களே" என்றார்.

தயங்கித் தயங்கித் தகட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அதுங்களா? எப்பவோ பழைய சாமான்காரங்கிட்ட போட்டுட்டாங்க. வெக்கறதுக்கு என்ன இருக்குது, காலித் தகடுதானன்னு அவங்களேதான் எடுத்துப் போட்டாங்க."

அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்த சவுண்ட் கார்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. அந்த மனிதரின் குரலைக் கேட்டவர்களில் இன்று உயிரோடு இருப்பது அநேகமாக நான் ஒருவன்தான். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு மனப்பாடம். குரல்தான் வர மாட்டேன் என்கிறது. மச்சான் போனை வைத்ததிலிருந்து முயன்று பார்க்கிறேன். "அத்தா வர்றேம்மா" என்று மனசுக்குள் சொன்னால், என் குரல்தான் கேட்கிறது.