அரக்கு உடையாத மாதிரி

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில், கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு முகமூடி இருந்தது. இரு கன்னங்களிலும் வடிகட்டிகள். பட்டியைச் சுற்றிய நூலின் முடிச்சில் சிவப்பு அரக்கு. மருந்து அடிப்பவர்களுக்காக வாங்கவிருந்த பொருளின் மாதிரி அது. வழங்குநர் விலைமனுவோடு அனுப்பியிருந்தார். பின்னர் வரும் பெட்டிகளை அதனோடு ஒப்பிட வேண்டும் என்பதற்காகவே அரக்கு.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த மாதங்களில் அங்கே தட்டெழுதினேன். களஞ்சியப் பொறுப்பாளரை எல்லாரும் ஸ்டோர் ஐயா என்போம். விவரக்குறிப்பு, கொள்வனவுக் கட்டளை, பொருள் ஏற்புப் படிவம் என்ற சொற்களெல்லாம் அவருடைய கோப்புகளில்தான் எனக்கு அறிமுகமாயின. அவற்றின் இறுக்கம் எனக்குப் பிடித்திருந்தது. எதைக் கேட்டோம், எதைத் தருவதாகச் சொன்னார்கள், எது வந்தது என்று பார்த்த பின்பே கையெழுத்து. அது விழுந்துவிட்டால் பொருள் நம்முடையது. விதி அப்படி. வழக்கம் வேறு. பசறையிலிருந்து ஏறிவரும் லொறி மூடுபனிக்கு முன் திரும்பியாக வேண்டும் என்பதால், பெட்டிகள் இறங்கும்போதே கையெழுத்திட்ட படிவம் சாரதியிடம் போய்விடும். திறந்து பார்ப்பது மறுநாள்.

முகமூடிகள் வந்த பிற்பகல் ஐயா தொழிற்சாலையில் இருந்தார். தொலைபேசியில் கேட்டேன்.

"லொறிக்காரன நிப்பாட்டி வைக்காத புள்ள, பனி எறங்குது. நீயே போட்டு அனுப்பு."

போட்டேன். முழுப்பெயரையும் நிறுத்தி, அழகாக எழுதினேன்.

மறுநாள் பெட்டிகளில் இருந்தவை வெறும் மெல்லிய துணி முகமூடிகள். ஏற்றுக்கொண்ட பொருளைத் திருப்பி எடுக்க இயலாது என்று வழங்குநரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. வந்ததையே பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் மருந்து அடிப்பவர்கள் சிரித்தார்கள். "கொசுவலைய வெட்டிக் குடுத்திருக்கானுகடா."

அம்மாவின் தம்பி, என் மாமா, அவர்களில் ஒருவர். "சும்மா இருங்கடா. எங்க பாப்பா கையெழுத்துப் போட்டு எடுத்த சாமான்" என்றார். அதுவரை மூக்கைச் சுற்றி மூன்று மடிப்பாகக் கட்டிவந்த ஈரத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தத் துணியை மாட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். துண்டையும் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பெட்டியைத் திறக்காமலே கையெழுத்திட்டதையும் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லவில்லை.

சில மாதங்களில் மாமாவைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மார்பு கெட்டுவிட்டது என்றார்கள். தோட்டத்து மேலாளரான துரை விசாரித்தார்.

"நான் போடச் சொல்லலைங்க தொர. புள்ள அவசரப்பட்டிருச்சு."

அதைச் சொல்லும்போது ஸ்டோர் ஐயா என்னைப் பார்க்கவில்லை, அலுமாரியைப் பார்த்தார். படிவத்தில் என் பெயர் மட்டுமே இருந்தது. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் பெரட்டில் வாய்மூடி நின்றது அவரல்ல.

மாமாவின் சேவைக் கடிதத்துக்காகப் போன வாரம் அந்த அலுவலகத்துக்குப் போனேன். தண்ணீர்ப் பீலிக்கும் லயத்து வீட்டுக்கும் இடையில் இப்போது மாமா இரண்டு தடவை உட்கார்ந்து எழும்புகிறார். அந்தக் கையெழுத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஸ்டோர் ஐயாவின் நாற்காலியில் வேறொருவர். கடிதத்தைத் தந்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பமிடச் சொன்னார். உறையைப் பிரித்து, ஒவ்வொரு வரியாக வாசித்தேன். அவர் பொறுமையிழந்து பேனாவை என் பக்கம் தள்ளினார்.

அவருக்குப் பின்னால், மேல்தட்டில், முகமூடி இருந்தது. தூசிகூடப் படியவில்லை. அரக்கும் உடையவில்லை.